அடுப்பு தரையில், பானை வானில்



தில்லியில் தீன்மூர்த்தி பவன் இருக்கிறது. அங்குள்ள நேரு கோளரங்கத்தில் ஒரு சிறிய கூண்டு வைக்கப்பட்டது. 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா விண்வெளியிலிருந்து திரும்பி வந்த கூண்டு அது. மூன்று பேர் நெருக்கி உட்காரத்தான் அதில் இடம் உண்டு. இப்படி ஒரு கூண்டை மேலே அனுப்ப, சுமார் 300 டன் எடையுள்ள ராக்கெட் வேண்டியிருந்தது. ஏன்?

பலூனை ஊதி விட்டால் என்ன ஆகிறது? காற்று பின்னால் போகிறது. பலூன் முன்னால் போகிறது. ராக்கெட்டும் அப்படித்தான். எரிபொருளை எரித்துச் சூடான வாயுவைக் கீழே தள்ளுகிறது. தானே மேலே போகிறது.

பேருந்துக்கு வழியில் பெட்ரோல் பங்க் உண்டு. வானத்தில் பங்க் இல்லை. விண்வெளியில் எரிக்கக் காற்றும் இல்லை. இரண்டுக்கும் வேண்டியதை ராக்கெட்டே சுமக்க வேண்டும்.

2023 ஜூலையில் சந்திரயான்-3 கிளம்பியது. அதன் எடை சுமார் 3,900 கிலோ. ஏற்றிச் சென்ற ராக்கெட் 640 டன். அதாவது ஒரு கிலோ பொருளுக்கு 164 கிலோ ராக்கெட்! அதில் பெரும்பகுதி எரிந்து தீர்வதே.

இந்தச் சுமையைக் குறைக்க முடியாதா? 1972இல் அமெரிக்க விஞ்ஞானி ஆர்தர் காந்த்ரோவிட்ஸ் ஒரு வழி சொன்னார். அடுப்பைத் தரையிலேயே வைத்துவிடலாம். பானை மட்டும் மேலே போகட்டும்.

அடுப்பு எது? லேசர் ஒளி. டார்ச் வெளிச்சம் போகப் போகப் பரந்துவிடும். லேசர் ஒளி அவ்வளவு பரவாது. நெடுந்தூரம் போயும் ஓரிடத்தில் குவிந்து சுடும். ராக்கெட்டில் ஹைட்ரஜன் போன்ற லேசான வாயுவை வைத்தால் போதும். கீழிருந்து வரும் ஒளி அதைச் சூடாக்கும். லேசான வாயு அதிக வேகத்தில் பாயும். ஆகவே குறைவாகச் சுமந்தால் போதும்.

2000 அக்டோபரில் அமெரிக்காவில் லீக் மிராபோ குழுவினர் ஒரு சிறு கலத்தை இப்படிப் பறக்கவிட்டார்கள். லேசர் பட்டுப் பட்டு, கலத்தில் இருந்த பிளாஸ்டிக் ஆவியாகிச் சீறியது. கலம் 71 மீட்டர் உயர்ந்தது. அவ்வளவுதான்.

தடைகள் பெரியவை. ஒரு கிலோவை விண்வெளிக்கு ஏற்றவே சுமார் ஒரு மெகாவாட் லேசர் வேண்டும் என்பது கணக்கு. அது 100 வாட் பல்புகள் 10,000 எரியும் சக்தி. மேகம் மறைத்தால் ஒளி போகாது. ஓடும் கலத்தை விட்டு ஒளி விலகவும் கூடாது. அதனால் இன்றுவரை எந்தச் செயற்கைக்கோளும் இப்படி மேலே போகவில்லை.

இதனால் நமக்கென்ன? 1999 ஒடிசா புயலில் ஏறக்குறைய 10,000 பேர் மாண்டார்கள். 2013இல் பைலின் புயல் வந்தது. முன்கூட்டியே சுமார் 10 லட்சம் பேர் வெளியேற்றப்பட்டார்கள். நூற்றுக்கும் குறைவானவர்களே இறந்தார்கள். புயலை முன்பே காண உதவியவற்றில் செயற்கைக்கோளும் ஒன்று. அதை மேலே அனுப்பும் செலவு குறைந்தால், இன்னும் பல கண்கள் வானிலிருந்து நம் கடலைக் காக்கும்.