அடுப்பங்கரையும் சுற்றுச்சூழலும்



இன்று இங்கு நம்மைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயமானது, சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாமல் வாழ்வதனால் ஒரு குடும்பத்துக்கு என்ன நன்மை என்பதாகும். இந்தப் பேச்சு இப்போது எங்கு பார்த்தாலும் நடக்கின்றது. பேசுகின்றவர்களில் பலர் சொல்லுவது என்னவென்றால், பூமி நமது தாய், அவளைக் காப்பது நமது தர்மம், நம் முன்னோர்கள் இதையெல்லாம் அறிந்தே வாழ்ந்தார்கள், ஆகையால் பழையபடி வாழுங்கள் என்பதேயாகும். நாம் அப்படிச் சொல்ல வரவில்லை. பூமிக்குத் தாய் என்று பேர் வைப்பதனால் ஒரு பிடி குப்பைகூடக் குறையப் போவதில்லை. ஆறுகளுக்கெல்லாம் பெண் பேர் வைத்துக் கற்பூரம் கொளுத்துகின்ற இதே தேசத்தில்தான் அந்த ஆறுகளில் சாக்கடையும் சாயத் தண்ணீரும் போய் விழுகின்றன. ஆகவே தாய், தர்மம், முன்னோர் என்கின்ற வார்த்தைகளைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, மளிகைக் கடைக்காரர் பேரேட்டைப் பார்ப்பது போல வரவு செலவு பார்ப்போம். அந்தக் கணக்கில் லாபம் யாருக்கு என்பதோடு, பாடு யாருக்கு என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும்.

முதலில் முன்னோர்களுடைய அடுப்பை எடுத்துக்கொள்ளுவோம். விறகு, சுள்ளி, வறட்டி எல்லாம் இயற்கைப் பொருள்கள்தான். அதில் பிளாஸ்டிக் இல்லை, கம்பெனிச் சரக்கும் இல்லை. ஆனால் அந்த அடுப்பின் யோக்கியதை என்ன? உலக சுகாதார நிறுவனத்தாரின் கணக்குப்படி 2020-ஆம் வருஷத்தில் வீட்டுக்குள் சமையல் முதலியவற்றால் உண்டான புகையினால் உலகத்தில் செத்தவர்கள் சுமார் 32 லட்சம் பேர். இவர்களில் 2,37,000 பேருக்கு மேல் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். குழந்தைகளுக்கு நிமோனியா, பெரியவர்களுக்கு நெஞ்சடைப்பு, பக்கவாதம், மூச்சிரைப்பு, நுரையீரல் புற்றுநோய், இவ்வளவும் அந்தப் புகையோடு சம்பந்தப்பட்டவைகள். விறகடுப்புச் சோற்றுக்குத் தனி ருசி என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்லுகின்ற புருஷர்கள் ஊதாங்குழலை வாயில் வைத்துப் பார்த்தவர்கள் அல்லர். ருசி அவர்களுக்கு, புகை அவளுக்கு. பக்கத்தில் தவழ்கின்ற குழந்தைக்கும் அதே புகைதான்.

வறட்டி விஷயத்தில் இன்னொரு நஷ்டமும் உண்டு. சாணம் நிலத்துக்குப் போகவேண்டிய உரம். அதைத் தட்டிக் காயவைத்து எரித்துவிட்டு, பிறகு கடன் வாங்கி யூரியா மூட்டை வாங்குகின்றவனைப் பார்த்து நாம் சிரிக்கவேண்டியதில்லை. அவனுக்கு வேறு வழியை யாரும் காட்டவில்லை. 2016-ல் சர்க்கார் உஜ்வலா திட்டத்தைத் தொடங்கி ஏழைப் பெண்கள் பேரில் காஸ் இணைப்புக் கொடுத்தது மெத்தச் சரியான காரியம். ஆனால் சிலிண்டர் தீர்ந்த பின் மறு சிலிண்டருக்குப் பணமில்லாமல் மறுபடியும் விறகுக்குப் போன வீடுகள் அநேகம்.

நாலு மாடு உள்ள வீட்டுக்கு ஒரு வழி இருக்கின்றது. அதுதான் சாண எரிவாயு. ஒரு மாடு நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ சாணம் போடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 கிலோ சாணத்தைச் சம அளவு தண்ணீரில் கரைத்துக் காற்றுப் புகாத தொட்டிக்குள் விட்டுவந்தால் ஏறக்குறைய ஒரு கன மீட்டர் வாயு கிடைக்கும். நாலு மாட்டுச் சாணத்தில் நாலைந்து பேர் கொண்ட குடும்பத்தின் சமையல் பெரும்பாலும் நடந்துவிடும். புகை இல்லை, பாத்திரத்தில் கரி இல்லை. தொட்டியிலிருந்து வெளியே வருகின்ற சாணக் குழம்பு உரச்சத்துக் குறையாமல் வயலுக்குப் போகின்றது. வறட்டியில் இரண்டில் ஒன்றை இழக்கவேண்டியிருந்தது. இங்கே இரண்டும் கிடைக்கின்றன. இதற்கென்று 1981 முதல் தேசியத் திட்டமே நடந்துவந்தும், தொட்டி கட்டிய பல வீடுகளில் அது பாழாய்க் கிடக்கின்றது. காரணம் கேட்டால், தினம் சாணம் கரைத்து ஊற்ற ஆள் இல்லை என்பார்கள். வீட்டில் ஆண்பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டால், மூன்று பேர் என்பார்கள்!

மாடில்லாத வீட்டுக்காரர்கள் என்ன செய்வது என்றால், அடுப்பு எதுவானாலும் பிரஷர் குக்கரில் வேக வையுங்கள். அதற்குள் தண்ணீர் 120 டிகிரி அளவுக்குச் சூடேறுகின்றபடியால் பருப்பும் கொண்டைக்கடலையும் சீக்கிரம் வெந்து காஸும் மிச்சமாகும்.

நிற்க, பழைய அடுப்பைக் குறை சொன்னதனால் பழையது எல்லாவற்றையும் தள்ளுகின்றோம் என்று எண்ணிவிடாதீர்கள். மஞ்சள் பை பழையதுதான். அது நல்லது. முன்பெல்லாம் மஞ்சள் பையைக் கையில் பிடித்துக்கொண்டு பட்டணத்துக்கு வருகின்றவனைப் பட்டிக்காட்டான் என்று கேலி செய்தார்கள். சினிமாவிலுங்கூட அது பரிகாசப் பொருளாய் இருந்தது. அந்தக் கேலிக்குப் பயந்துதான் நம் ஜனங்களில் பலர் வீட்டிலிருந்து பை கொண்டுபோவதை விட்டார்கள். கடைசியில் 2019 ஜனவரி 1 முதல் ஒரு தடவை உபயோகித்து எறிகின்ற பிளாஸ்டிக் சாமான்களைத் தமிழ்நாட்டு சர்க்கார் தடை செய்யவேண்டி வந்தது. 2021 டிசம்பரில் “மீண்டும் மஞ்சப்பை” என்று சர்க்காரே பிரசாரம் ஆரம்பித்தது. கேலி செய்த அதே பட்டணத்தில் இப்போது துணிப்பையின்மேல் படம் அச்சடித்து நல்ல விலைக்கு விற்கின்றார்கள்! பட்டிக்காட்டான் செய்தால் தரித்திரம், பணக்காரன் செய்தால் நாகரிகம் என்பது எந்த ஊர் நியாயமோ தெரியவில்லை.

தடை வந்தும் பிளாஸ்டிக் போய்விடவில்லை என்பது உங்களுக்கே தெரியும். அதில் ஒரு காரியத்தை மாத்திரம் இன்றோடு நிறுத்துங்கள். வெந்நீர் அடுப்பைப் பற்றவைக்கப் பிளாஸ்டிக் பையைச் சொருகாதீர்கள். போகிக்கு டயரையும் பழைய ஒயரையும் கொளுத்தாதீர்கள். பி.வி.சி. என்கின்ற சாமான் எரிந்தால் அமிலப் புகையும் டயாக்ஸின் என்கின்ற விஷமும் உண்டாகின்றன. பழையன கழிகின்றதோ இல்லையோ, தெருவில் நிற்கின்ற பிள்ளையின் நுரையீரல் கழிந்துபோகும்.

சமையல்கட்டுக் கழிவையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். காய்த்தோலையும் மீந்த சோற்றையும் பிளாஸ்டிக்கோடு கலந்து கட்டி எறிந்தால் அது கிடங்குக்குப் போய் அடியில் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வாயுவை உண்டாக்கும். சாணத் தொட்டியில் வருகின்ற வாயுவில் எரிவதும் இந்த மீத்தேன்தான். அங்கே சோறு வேகின்றது, இங்கே கிடங்கு பற்றிக்கொள்ளுகின்றது. 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் கிடங்கு பிடித்துப் பல நாள் புகைந்தது. அந்தப் புகையை மூச்சுவிட்டவர்கள் கிடங்கைச் சுற்றிக் குடியிருந்தவர்களே தவிர, குப்பை போட்டவர்கள் எல்லோரும் அல்ல. இரண்டு கூடை வைத்து ஈரக் குப்பையைப் பிரித்துவைப்பதற்குப் பெரிய ஞானம் வேண்டியதில்லை.

இனித் தண்ணீர். 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களிலும் மழைநீர் சேகரிக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. அதிகாரிக்குக் காட்டக் குழாய் வைத்தவர்கள் அநேகம். பிறகு அந்தக் குழியைத் தூர் வாரினவர்கள் சொற்பம். 2019-ல் சென்னைக்கு வறட்சி வந்தபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஜூலை 12-ந் தேதி வந்த முதல் ரயிலில் இருந்தது 25 லட்சம் லிட்டர். அதே வருஷம் மழைக்காகக் கோயில்களில் யாகம் நடத்தும்படி சர்க்காரின் அறநிலையத்துறையே உத்தரவு அனுப்பிற்று. யாகம் பலித்து மழை கொட்டிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடைத்துக் கிடக்கின்ற குழிக்குள் அந்த மழை எப்படி இறங்கும்? ஒரு சதுர மீட்டர் கூரைமேல் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். சென்னையில் சராசரியாக வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கின்றது. 50 சதுர மீட்டர் மாடியுள்ள சிறு வீட்டுக்கு அது 70,000 லிட்டர் ஆகின்றது. வீணாவது போக 50,000 என்று வைத்தாலும் 3,000 குடத்துக்கு மேல் வருகின்றது. அந்தக் குடங்களை லாரியிலிருந்து இறக்கிச் சுமக்கின்ற இடுப்பு யாருடையது என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

தோழர்களே! பாடு என்று முதலில் சொன்னோமே, அதற்கு இப்போது வருகின்றோம். சுற்றுச்சூழல் வாழ்க்கை என்று பிரசங்கம் செய்கின்றவர்களில் சிலர், மிக்ஸியை விட்டு அம்மிக்குப் போங்கள், இயந்திரத்தை விட்டுக் கையால் துவையுங்கள் என்கின்றார்கள். போகவேண்டியது யார்? 2019-ல் இந்திய சர்க்கார் எடுத்த நேரக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கின்ற பெண்கள் அதற்காகத் தினம் 299 நிமிஷம் செலவழிப்பதாகக் கண்டார்கள். செய்கின்ற ஆண்களுக்கு 97 நிமிஷம். அதிலும் நூற்றுக்கு 26 ஆண்கள்தான் அந்த வேலையில் கை வைக்கின்றவர்கள். இப்படியிருக்க, இன்னும் ஒரு மணி நேரத்தைப் பெண்கள் தலையில் ஏற்றிவிட்டு அதற்கு இயற்கை என்று பேர் கொடுப்பது எவ்வளவு சாமர்த்தியம்!

கணக்கையும் பாருங்கள். 500 வாட் மிக்ஸி பத்து நிமிஷம் ஓடினால் செலவாவது ஒரு யூனிட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு. தினம் ஓட்டினாலும் மாதத்துக்கு இரண்டரை யூனிட். பழைய 60 வாட் குண்டு பல்பு தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 9 யூனிட். அதே வெளிச்சம் தருகின்ற 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு ஒன்றேகால் யூனிட்டுக்குச் சற்று மேல். ஒரு பல்பை மாற்றினால் மிஞ்சுகின்ற மின்சாரத்தில் மூன்று வீட்டு மிக்ஸி ஓடும். ஆகையால் சிக்கனம் வேண்டுமானால் பல்பில் கை வையுங்கள், மின்விசிறியில் கை வையுங்கள். அவள் தோள்பட்டையில் வைக்காதீர்கள்.

மாதவிலக்குத் துணி விஷயத்தையும் மறைக்காமல் பேசுவோம். கடையில் விற்கின்ற நாப்கின்களில் பெரும்பகுதி பிளாஸ்டிக் என்பதும், அது மக்காது என்பதும் வாஸ்தவம். துணிக்குத் திரும்புங்கள் என்றால், அந்தத் துணியைச் சோப்புப் போட்டு அலசி வெய்யிலில், எல்லாரும் பார்க்கக் கொடியில் உலர்த்த வீட்டில் சம்மதிக்க வேண்டும். தீட்டு என்று சொல்லி இருட்டு மூலையில் ஈரத்தோடு போட்டு வைக்கச் சொன்னால் நோய்தான் வரும். சிலிகான் கப்பு என்று ஒன்று வந்திருக்கின்றது. கொதிநீரில் சுத்தம் செய்துவந்தால் பல வருஷம் உழைக்கும். கன்னிமை கெடும் என்று கிழவிகளும் கிழவர்களும் சொல்லுவதைக் கேட்காமல் டாக்டரைக் கேளுங்கள்.

இரண்டு துண்டுச் சீட்டுகள் வந்திருக்கின்றன. முதலாவது, பசு புனிதமானதால்தானே அதன் சாணத்திலிருந்து எரிவாயு வருகின்றது என்பது. எருமைச் சாணத்திலும் வருகின்றது, பன்றி விட்டையிலும் வருகின்றது, கோழி எச்சத்திலும் வருகின்றது, கேட்டவர் வீட்டுக் கக்கூஸிலிருந்துங்கூட வரும். தொட்டிக்குள் இருக்கின்ற நுண்ணுயிர்கள் ஜாதி விசாரிப்பதில்லை.

இரண்டாவது, வாடகை வீட்டில் குடியிருக்கின்றவன் என்ன செய்யமுடியும் என்பது. இது யோக்கியமான கேள்வி. பல்பை மாற்ற, குக்கர் வாங்க, குப்பையைப் பிரிக்க யாரையும் கேட்கவேண்டியதில்லை. ஓட்டை போட்ட மண் தொட்டியில் காய்த்தோலையும் காய்ந்த இலையையும் மாற்றி மாற்றிப் போட்டு, வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் எருவாகிவிடும். இலை குறைந்து ஈரம் மிஞ்சினால்தான் நாற்றமும் புழுவும் வரும். மழைநீர்க் குழாய்க்கு மாத்திரம் வீட்டுக்காரரைக் கேட்கவேண்டும். அது அவர் சட்டப்படி செய்யவேண்டிய வேலையாகையால், ஐப்பசிக்கு முன்னமே கேளுங்கள்.