முழங்கால் மூட்டை மாற்றுவதா? எப்போது மாற்றுவது?

அரங்கில் இருக்கும் பெரியவர்களுக்கும், வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் காலை நீட்டி, முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் நேயர்களுக்கும் வணக்கம். இன்றைய தலைப்பு உங்களுக்காகத்தான்.

மூட்டு மாற்று அறுவை சிகிச்சையைச் செய்துகொள்வதா, வேண்டாமா, செய்தால் எப்போது என்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் மருத்துவர் அல்ல. மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தவள். கேமராவுக்கு முன்னால் கேள்வி கேட்பது என் தொழில். என் அம்மாவுக்கும் இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அதனால் இந்தக் கேள்விகளை நான் இரண்டு வருடமாகவே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். மூட்டை மாற்றுவது என்றதும், காலையே கழற்றி வேறு காலை மாட்டுவதுபோல் சிலர் நினைக்கிறார்கள். தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில் குருத்தெலும்பு மெத்தைபோல் இருக்கிறது. அது தேய்ந்து போகும்போதுதான் வலி, வீக்கம், இறுக்கம் எல்லாம். அறுவை சிகிச்சையில் இரு எலும்புகளின் நுனியைக் கொஞ்சம் செதுக்கி, உலோகத் தொப்பி பொருத்தி, நடுவில் உறுதியான பிளாஸ்டிக் தகட்டை வைக்கிறார்கள். பல்லுக்குத் தொப்பி போடுவதுபோல என்று ஒரு டாக்டர் எனக்கு விளக்கினார். பெரும்பாலும் மறுநாளே எழுந்து நடக்கவும் வைத்துவிடுகிறார்கள்.

அடுத்தது எக்ஸ்ரே. நம்மவர்கள் எக்ஸ்ரேயைத் தீர்ப்புபோல் எடுத்துக்கொள்கிறோம். 'எலும்போடு எலும்பு ஒட்டிவிட்டது, இனி வெட்டத்தான் வேண்டும்' என்று கோப்பிக்கடையில் பேசிக்கொள்கிறோம். உண்மையில் எக்ஸ்ரேயும் வலியும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. படத்தில் மோசமாகத் தெரியும் முழங்காலோடு ஒருவர் தினமும் சந்தைக்கு நடந்து போய் வருவார். படத்தில் சுமாராகத் தெரியும் முழங்காலோடு இன்னொருவர் இரவில் தூங்க முடியாமல் தவிப்பார். ஆகவே நல்ல மருத்துவர் படத்தைப் பார்த்த பிறகு உங்கள் வாழ்க்கையைக் கேட்பார். எவ்வளவு தூரம் நிற்காமல் நடக்கிறீர்கள்? வலி உங்களை இரவில் எழுப்புகிறதா? படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்காமல் முடியுமா?

நான் இதில் இன்னொரு கேள்வியையும் சேர்ப்பேன். எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள்? என் அம்மா வலிக்கிறது என்று சொல்லவே மாட்டார். ஒரு வருடம் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கவில்லை. பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை சுமார் மூன்று கிலோமீட்டர் நடையை அதுவரை ஒருமுறையும் தவறவிடாதவர். கேட்டால், 'கூட்டம் அதிகம்மா' என்றார். பிறகு தேக்கா சந்தைக்குப் போவது நின்றது. 'விலை கூடிப்போச்சு' என்றார். பிறகு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு, 'நீங்க போய்ட்டு வாங்க' என்றார். காரணங்கள் வேறு வேறு. எல்லாம் முழங்கால்தான் என்று எங்களுக்குப் புரியக் கொஞ்ச காலம் பிடித்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் காரணங்களையும் கொஞ்சம் உற்றுக் கேளுங்கள்.

அதற்காக உடனே அறுவைக்கு ஓட வேண்டுமா என்றால், வேண்டாம். 2015ஆம் ஆண்டில் டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வு வெளிவந்தது. மூட்டு மாற்றத் தகுதியுள்ள 100 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு அறுவையும் அதன்பின் பயிற்சியும். மீதிப் பேருக்கு 12 வாரப் பயிற்சி, எடைக் குறைப்பு ஆலோசனை, தேவைக்கு மாத்திரை போன்றவை மட்டும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரு தரப்புக்கும் முன்னேற்றம். அறுவை செய்தவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு முன்னேற்றம். ஆனால் கடுமையான பின்விளைவுகளும் அவர்களிடமே கூடுதல். பயிற்சி மட்டும் செய்த 50 பேரில் அந்த ஒரு வருடத்துக்குள் அறுவைக்குப் போனவர்கள் 13 பேர்தான். மற்றவர்கள் சமாளித்துக்கொண்டார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இது. அறுவை நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ஒழுங்கான பயிற்சியை மூன்று மாதமாவது செய்து பார்க்காமல் அதற்குப் போவதில் பொருளில்லை. ஒழுங்கான பயிற்சி என்பதை அழுத்திச் சொல்கிறேன். பலதுறை மருந்தகத்தில் கொடுத்த காகிதத்தைக் குளிர்பதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டுவது பயிற்சி ஆகாது. தொடைத் தசை வலுவானால் மூட்டின் பாரம் குறையும். எடையும் அப்படித்தான்: ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் இறங்கும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. குளுக்கோசமைன் மாத்திரைக்கு மாதாமாதம் பணம் செலவழிப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். 2006ல் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில், மொத்தத்தில் அது வெறும் மாத்திரையைவிடப் பெரிதாக உதவவில்லை. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நிம்மதி தரும். அதற்கு மேல் அதை நம்பியிருக்க முடியாது.

இனி, எப்போது என்ற கேள்விக்கு வருகிறேன். எனக்கு மிகவும் சிக்கலாகப் பட்டது இதுதான்.

சீக்கிரமே செய்துகொள்வதில் ஒரு கணக்கு இருக்கிறது. செயற்கை மூட்டும் தேயும். 2019ல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, முழு முழங்கால் மூட்டுகளில் சுமார் 82 விழுக்காடு 25 ஆண்டுகள் தாங்குகின்றன. எழுபதைத் தாண்டியவருக்கு இது வாழ்நாளுக்கும் போதும். ஐம்பதில் செய்துகொள்பவருக்கு அப்படி இல்லை. 2017ல் வந்த பிரிட்டிஷ் ஆய்வில், எழுபதுக்கு மேல் செய்தவர்களுக்கு மறுபடியும் மாற்ற நேரும் வாய்ப்பு சுமார் 5 விழுக்காடு. ஐம்பதுகளின் தொடக்கத்தில் செய்துகொண்ட ஆண்களுக்கு 35 விழுக்காடு வரை. இரண்டாவது அறுவை முதலாவதைவிடக் கடினம். இளையவர்களில் சிலருக்குப் பாதி மூட்டை மட்டும் மாற்றவோ எலும்பின் சாய்வைத் திருத்தவோ வழியுண்டு, கேட்டுப் பாருங்கள்.

தள்ளிப்போடுவதிலும் நஷ்டம் உண்டு. நடக்காமல் இருந்தால் தசை கரையும், கால் வளையும், மூட்டு இறுகும், எடை ஏறும், சர்க்கரை ஏறும். 'இனி முடியவே முடியாது' என்ற நிலையில் செய்துகொள்பவர் பெரும்பாலும் அதே அளவு நன்றாக நடப்பதில்லை. 2020ல் அமெரிக்க ஆய்வாளர்கள் சுமார் 8,000 பேரைக் கவனித்து எழுதியதில், பலன் பெறக்கூடியவர்களில் 90 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிக் காத்திருந்தார்கள். அதே ஆய்வில், செய்துகொண்டவர்களில் நான்கில் ஒருவருக்கு அப்போதைக்குத் தேவையே இருக்கவில்லை. ஆக, இரு பக்கமும் பிசகு நடக்கிறது. நம் பெண்கள் பிசகுவது பெரும்பாலும் காத்திருக்கும் பக்கம்தான் என்று நினைக்கிறேன். பேரன் பிஎஸ்எல்இ முடியட்டும், தீபாவளி போகட்டும், மருமகளுக்குப் பிரசவம் ஆகட்டும் என்று வருடங்கள் போய்விடுகின்றன.

சர்க்கரை நோய் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 2010ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில், சிங்கப்பூர் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மூன்று பெரிய இனங்களில் நாம்தான் முதலிடம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் அறுவை செய்தால் கிருமித்தொற்று அபாயம் கூடும். செயற்கை மூட்டில் கிருமி புகுந்துவிட்டால் அதைத் திறந்து கழுவவோ, சில சமயம் எடுத்துவிடவோ நேரிடும். எனவே டாக்டர் 'மூன்று மாதம் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்' என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். சொத்தைப் பல் இருந்தால் அதையும் முன்பே பார்த்துவிடுங்கள்.

செய்த பிறகு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதையும் பேசிவிடவேண்டும். நடை கிடைக்கும், தூக்கம் கிடைக்கும். தரையில் சம்மணம் போட்டு உட்காருவது பெரும்பாலோருக்குக் கிடைக்காது. குந்தி உட்காருவதும் அப்படியே. இலை போட்டுத் தரையில் சாப்பிடுவது, வாசலில் கோலம் போடுவது, கோயிலில் பஜனைக்கு உட்காருவது எல்லாம் நாற்காலிக்கு மாறவேண்டும். மேல்நாட்டுக் கையேடுகளில் தோட்டவேலை செய்யலாமா என்றுதான் கேள்வி இருக்கும். நமக்கு இதுதான் கேள்வி. அதோடு, ஐந்தில் ஒருவருக்கு அறுவைக்குப் பிறகும் ஏதாவது வலி நீடிக்கிறது. இதைச் சொல்லாமல் மறைப்பது சரியில்லை. தெரிந்தே முடிவெடுக்கட்டும்.

முதல் ஆறு வாரம் கடினமானது. முழங்காலை மடக்கும் பயிற்சியில் கண்ணீர் வரும். மாத்திரையைப் போட்டுக்கொண்டாவது செய்யவேண்டும். வீட்டில் யார் உடன் இருப்பார், யார் லீவு எடுப்பார் என்பதைத் தேதி வாங்குவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். குளியலறையில் கைப்பிடி பொருத்த வீவகவின் ஈஸ் திட்டத்தில் மானியம் உண்டு.

பணத்தைப் பொறுத்தவரை, பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு பொது மருத்துவமனைக்குப் போனால் மானியம் கிடைக்கும். பி2, சி வார்டுகளில் குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கழிவு. மீதிக்கு மெடிஷீல்டு லைஃப், மெடிசேவ். அதுவும் போதாதவர்கள் மருத்துவமனையின் சமூகநல ஊழியரிடம் மெடிஃபண்ட் பற்றிக் கேட்கலாம். சென்னைக்குப் போய்ச் செய்துகொள்வோரும் இருக்கிறார்கள். அங்கே திறமையான மருத்துவர்கள் இருப்பதில் சந்தேகமில்லை. ஆனால் மெடிசேவ் அங்கே செல்லாது; அறுவை முடிந்த சூட்டோடு விமானத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்தால் காலில் இரத்தம் கட்டும் ஆபத்து கூடும்; திரும்பி வந்தபின் பிசியோதெரபிக்கு யாரிடம் போவது என்ற கேள்வியும் இருக்கிறது. டிக்கெட் வாங்குவதற்கு முன் இதையும் கணக்கில் சேருங்கள்.

என் அம்மா இப்போது மூன்று மாதப் பயிற்சியில் இரண்டாவது மாதத்தில் இருக்கிறார். சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. வலது முழங்கால் ஒருவேளை தப்பிக்கலாம், இடது கால் சந்தேகம்தான் என்கிறார் டாக்டர். தேதி குறிப்பதா வேண்டாமா என்பதை அம்மாதான் சொல்லவேண்டும். நானும் தம்பியும் அவரை வற்புறுத்துவதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம்.

மேடையில் எலும்பு மருத்துவரும் பிசியோதெரபி நிபுணரும் வந்து அமர்ந்துவிட்டார்கள். ஒலிவாங்கி நடுவரிசையில் இருக்கிறது. எழுந்து வரச் சிரமப்படுபவர்கள் கையை மட்டும் உயர்த்துங்கள். உங்கள் இடத்துக்கே கொண்டு வருகிறோம்.