அன்னதான இலையும் நம் உடல்நலமும்

(ஆலய ஆண்டு விழாவில் செயற்குழு உறுப்பினர் ஆற்றிய உரை)

 

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன், மருத்துவன் அல்லன். ஆய்வாளர்கள் கண்டறிந்த சில உண்மைகளையும், அவற்றையொட்டி நம் அன்னதானத்தில் செயற்குழு செய்ய விரும்பும் மாற்றங்களையும் உங்கள் முன் வைக்கிறேன்.

நம் மக்கள் 'இனிப்பு நீர்' என்று சொல்லும் நீரிழிவு நோய், சிங்கப்பூரில் நம்மவரையே அதிகம் பிடித்திருக்கிறது. அறுபது வயதைக் கடந்த இந்தியர்களில் பத்துப் பேருக்கு ஆறு பேர் இந்நோய் உள்ளவர்கள் என்று 2017-ஆம் ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் திரு. லீ சியன் லூங் கூறினார்.

"எனக்குத் தொப்பையே இல்லையே" என்று சிலர் நினைக்கலாம். புனே நகர மருத்துவர் யாஜ்னிக், பிரிட்டிஷ் மருத்துவர் யுட்கின் ஆகிய இருவரும் தங்களையே அளந்து 2004-இல் ஒரு செய்தி வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் குறியீடு இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால், யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடலிலோ 21.2 விழுக்காடு! மெலிந்த தோற்றத்தை நம்பி நாம் ஏமாறக் கூடாது என்பதற்கு இது நல்ல சான்று.

இனி, நம்பிக்கை தரும் செய்தி. சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரை ஆராய்ந்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டுகளில் நூற்றுக்கு 55 பேர் நோயாளிகள் ஆயினர். சர்க்கரையையும் தீட்டிய தானியத்தையும் குறைத்து, நார்ச்சத்தைக் கூட்டி, நாள்தோறும் அரைமணி நேரம் நடக்கும்படி தொடர்ந்து ஊக்குவிக்கப்பட்டவர்களில் அது ஏறத்தாழ 39 ஆகக் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவில்லை!

இந்த ஆய்வு நடந்தது நம்மைப் போலச் சோறும் சாம்பாரும் உண்பவர்களிடையே. ஆகவே, அது நம் பந்திக்கும் பொருந்தும்.

செயற்குழுவின் யோசனை இதுதான். சுவாமிக்குப் படைக்கும் நைவேத்தியத்தில் எந்த மாற்றமும் இல்லை. அன்னதான இலையில் முதலில் இரண்டு காய்கறிகளும் ஒரு சுண்டலும் வரும். சோறு அளவாகப் பரிமாறப்படும். பாயசம் சிறு கிண்ணத்தில் வழங்கப்படும். ரோஸ் சிரப் தண்ணீருக்குப் பதில் நீர்மோர்.

"வயிறாரப் போடுவதுதானே அன்னதானம்? அதில் கணக்குப் பார்க்கலாமா?" என்று ஓர் அம்மையார் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. பசித்தவர் மறுசோறு கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டோம். ஆனால், ஆறாத புண்ணால் கால்விரலை இழந்தவரும், வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்பவரும் நம் பந்தியில்தான் அமர்கிறார்கள். அவர்களுக்கும் ஏற்ற உணவை இடுவதும் தருமமே அல்லவா?

உபயதாரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இனிப்பு உபயம் போலவே காய்கறி உபயம், சுண்டல் உபயம், பழ உபயம் ஆகியவற்றையும் ஏற்றுக்கொள்ளுங்கள். புண்ணியம் சிறிதும் குறையாது.

மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் மட்டும், மருத்துவரைக் கேட்காமல் உணவைத் திடீரெனக் குறைக்கவோ விரதம் இருக்கவோ வேண்டாம்.

எல்லாம் வல்ல இறைவன் அனைவருக்கும் நோயற்ற வாழ்வை அருள்வானாக.