சாப்பிட மறுத்த நண்பனும் அவன் அம்மாவும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



சிவில் படித்துவிட்டு கான்கிரீட்டோடு காலம் தள்ளுகிறவன் மரபணுவைப் பற்றிப் பேச வந்தது வேடிக்கையாகத் தோன்றலாம். செயலாளர் அண்ணன் "பாலம் பத்திப் பேசுப்பா" என்றுதான் சொன்னார். தலைப்பை மாற்றிக்கொண்டவன் நான்தான். காரணம் ஹாஸ்டலில் என்னோடு தங்கியிருந்த ரூம்மேட். அவனிடம் கேட்டுக்கொண்டுதான் பேசுகிறேன், பேரைச் சொல்லவில்லை.

மூன்றாம் வருஷம் அவன் மெலிய ஆரம்பித்தான். மெஸ்ஸில் இரண்டு இட்லியைச் சுண்டைக்காய் அளவுக்குப் பிய்த்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பான். விடியற்காலை ஐந்து மணிக்கு கிரவுண்டைச் சுற்றிச் சுற்றி ஓடுவான். விலா எலும்பு தெரிகிற நிலைமையிலும் "தொப்பை விழுதுடா" என்பான். நாங்கள் 'காத்தாடி' என்று பேர் வைத்தோம். லவ் ஃபெயிலியர் என்று கதை கட்டினோம். ஒருநாள் ஓடும்போதே மயங்கி விழுந்தான். ஊரிலிருந்து அவன் அம்மா வந்தார். காசநோய் இல்லை, தைராய்டு இல்லை என்று ஆன பிறகு, பார்த்த டாக்டர் அந்த அம்மாவிடம், "பையனை ரொம்ப அடக்கி வளர்த்தீங்களோ?" என்று கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. வராந்தாவுக்கு வந்து அழுதார். பக்கத்தில் நின்ற எனக்கும் டாக்டர் கேட்டது சரி என்றுதான் பட்டது. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அந்த டாக்டரை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்தக் கேள்விக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1870-களில் 'அனோரெக்ஸியா நெர்வோசா' என்று இந்த நோய்க்குப் பேர் வைத்த லண்டன் மருத்துவர் வில்லியம் கல், நோயாளியைக் கவனிக்க உறவினர்கள் லாயக்கில்லை என்றே எழுதினார். அமெரிக்க மனநல மருத்துவர் ஹில்டா ப்ரூக் 1978-இல் எழுதிய புகழ்பெற்ற நூலும் வீட்டுச் சூழலைத்தான் உற்றுப் பார்த்தது. இத்தனைக்கும் மனநோய்களிலேயே அதிகம் பேரைக் கொண்டுபோகிற நோய்களில் இது ஒன்று. பாடகி கேரன் கார்ப்பென்டர் 1983-இல் 32 வயதில் இதனால்தான் இறந்தார்.

1984-இல் லண்டன் ஆய்வாளர்கள் 30 ஜோடி இரட்டைச் சகோதரிகளைப் பார்த்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருத்திக்காவது இந்த நோய் உண்டு. ஒரே கருவிலிருந்து பிரிந்த 16 ஜோடிகளில் 9 ஜோடிகளில் இருவருக்குமே நோய் இருந்தது. தனித்தனிக் கருவில் உருவான 14 ஜோடிகளில் ஒரே ஒரு ஜோடியில்தான் அப்படி. அந்த 14 ஜோடிகளும் ஒரே வீட்டில், ஒரே அம்மா கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தானே? அம்மாதான் காரணம் என்றால் இந்தக் கணக்கு இடிக்கிறது. பிறகு வந்த பெரிய இரட்டையர் ஆய்வுகள் பலவற்றில் மரபின் பங்கு 50, 60 சதவீதம் என்று வந்தது.

இந்த சதவீதத்தைத்தான் நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அவனுடைய நோயில் பாதி ஜீன், பாதி வளர்ப்பு என்று அர்த்தமில்லை. நம் லேப் நினைவிருக்கிறதா? நூறு க்யூப் போட்டு 28 நாள் கழித்து உடைக்கிறோம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு லோடில் உடைகிறது. அந்த வித்தியாசத்தில் எவ்வளவு கலவையால் வந்தது, எவ்வளவு க்யூரிங்கால் வந்தது என்று அந்த நூறுக்கும் சேர்த்துச் சொல்லலாம். ஒரே ஒரு க்யூபைக் கையில் எடுத்து, "இதில் பாதி பலம் தண்ணீர் விட்டதால்" என்று சொன்னால் சிரிப்பார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி தண்ணீர் விட்டால் வித்தியாசம் முழுக்கக் கலவையால்தான் வரும். அதற்காகத் தண்ணீர் வேண்டாம் என்று ஆகிவிடுமா?

2019-இல் சிந்தியா புலிக் உள்ளிட்ட பன்னாட்டு ஆய்வாளர்கள் 16,992 நோயாளிகளின் மரபணுக்களை, நோயில்லாத 55,525 பேரோடு ஒப்பிட்டு, மரபுத் தொகுதியில் 8 இடங்களைக் கண்டுபிடித்தார்கள். ஒரே ஒரு 'பட்டினி ஜீன்' கிடையாது; சின்னச் சின்ன பாதிப்புள்ள ஏராளமான வேறுபாடுகள் சேர்ந்துதான் ஆபத்தைக் கூட்டுகின்றன. அவற்றில் ஒரு பங்கு ஓ.சி.டி., மனச்சோர்வு, பதற்றம் இவற்றோடு பொதுவானது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் இன்னொரு பங்கு இன்சுலின், கொழுப்பு, உடல் எடை சம்பந்தப்பட்டது. ஓயாமல் உடம்பை அசைத்துக்கொண்டே இருக்கிற இயல்போடும் அதற்குத் தொடர்பு உண்டு. இதைப் படித்தபோது எனக்கு அந்த ஐந்து மணி ஓட்டம்தான் கண்ணில் நின்றது. நமக்கெல்லாம் இரண்டு கிலோ குறைந்தால் உடம்பே சண்டை போட்டு மீட்டுக்கொள்ளும். இவர்கள் உடம்பு அப்படிச் சண்டை போடுவதில்லையோ என்று ஆய்வாளர்கள் யோசிக்கிறார்கள். அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் கலவைக்கு நம் ஊரிலேயே க்யூப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மரபில் இருக்கிறது என்றால் வைத்தியமே இல்லை என்று நினைக்காதீர்கள். லண்டன் மாட்ஸ்லி ஆஸ்பத்திரிக் குழு 1987-இல் வெளியிட்ட ஆய்வில், நோய் தொடங்கி அதிக நாள் ஆகாத இளம் வயதினருக்கு, குடும்பத்தையே சேர்த்துக்கொண்டு செய்த சிகிச்சை நன்றாகப் பலித்தது. யாரைத் தள்ளி நிற்கச் சொன்னார்களோ அந்தப் பெற்றோரையே பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டச் சொன்னார்கள்! என் நண்பனுக்கும் அதுதான் நடந்தது, யாரும் சொல்லிக்கொடுக்காமலே. ஒரு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு வந்து டிகிரியை முடித்தான்.

போன வருஷம் அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது இதையெல்லாம் அந்த அம்மாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டதோ, "அப்போ எங்கிட்டேருந்துதான் வந்துச்சாப்பா?" பழைய கேள்வியையே வேறு சட்டை மாட்டிக் கொடுத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. "ரெண்டு பேர்கிட்டேருந்தும் பாதிப் பாதி வருதும்மா. எதைக் குடுக்கணும்னு யாராலயும் தேர்ந்தெடுக்க முடியாது" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "எங்க அக்கா ஒருத்தி இருந்தா. பதினேழு வயசுல சோத்தைத் தொடமாட்டேன்னுட்டா. பேய் புடிச்சிருக்குன்னு கோயில் கோயிலாக் கூட்டிட்டுப் போனாங்க. இருபதுல போய்ச் சேந்துட்டா. ஊரே எங்கம்மாவைத்தான் ஏசுச்சு."

அந்த அக்காவுக்கு இருந்தது இதே நோய்தானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இதை அவர் மகனிடம்கூடச் சொன்னதில்லையாம். அன்றைக்கு ராத்திரியே சொல்லிவிட்டார் என்று அவன் எனக்குப் போன் செய்தான்.