குடிச்சவன் பக்கத்துல யார் உட்கார்றது?

(மாணவர், இளைஞர் முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



குடியைப் பத்தி நம்ம மேடையில ரெண்டு பேச்சுதான் கேட்டிருக்கோம். ஒண்ணு, ‘குடிக்காதே, படி’ என்கிற புத்திமதி. இன்னொண்ணு, ‘அரசே, கடையை மூடு’ என்கிற முழக்கம். ரெண்டும் வேணும். ஆனா குடிநோயாளியா ஆகிப்போன ஒருத்தன் நாளைக்கு விடிஞ்சா என்ன செய்யணும்னு ரெண்டும் சொல்றதில்லை. நான் அதைப் பேச வந்திருக்கேன்.

சேரிக்காரன் குடிகாரன் என்று ஊர் சொல்லும். ஊற்றிக் கொடுத்தது யாரென்று சொல்லாது. சாவுக்குப் பறையடிக்கிறவனுக்கும் குழி வெட்டுறவனுக்கும் கூலியோடு சாராயத்தையும் கொடுத்துப் பழக்கியது சாதி. மனிதன் மலம் அள்ளுவதற்கு எதிராக 1993லும் 2013லும் சட்டம் வந்தது. அதுக்கப்புறமும் குழிக்குள்ள இறக்குறாங்க. அந்த நாத்தத்துல எவன் நிதானமா இறங்குவான்? 2003லிருந்து சில்லறைக் கடையையும் டாஸ்மாக் மூலமா அரசே நடத்துது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கருணாபுரத்தில் வீட்டுக்கு வீடு எழவு.

எங்க அண்ணன் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. காலையில ஊத்தலைன்னா கை நடுங்கும். ரூமுல போட்டுப் பூட்டுங்கன்னு சொன்னவங்க உண்டு. சோத்துல தெரியாம மாத்திரை கலங்கன்னு சொன்னவங்களும் உண்டு. அண்ணியும் நானும் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போனோம். டாக்டர் சொன்னார்: “தினமும் குடிக்கிறவர் திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரும், புத்தி தடுமாறும், உயிரே போகலாம். அந்த மாத்திரைக்கு மேல குடிச்சாலும் ஆபத்துதான்.” மாணவர்கள் இதைக் குறிச்சுக்குங்க. மொதல்ல வைத்தியம், மத்ததெல்லாம் அப்புறம்.

படுக்கையிலிருந்து எழுந்தபிறகு என்ன? அங்கிருந்த நர்சம்மாதான் வழி சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம், ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ கூட்டம். சுருக்கமா ஏ.ஏ. 1935ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற மருத்துவரும் ஆரம்பித்தது. ரெண்டு பேருமே குடிநோயாளிகள். ஒரு குடிநோயாளி இன்னொரு குடிநோயாளியோடு பேசினால் அன்றைக்குக் குடிக்காமல் இருக்க முடிகிறது. இதுதான் அவங்க கண்டது.

திறந்த கூட்டங்களுக்கு நானும் கூடப் போனேன். சின்னப் பிள்ளைங்க பெஞ்சுல பெரிய ஆளுங்க உட்கார்ந்திருக்காங்க. கட்டணம் கிடையாது. குடியை நிறுத்தணும்கிற ஆசை ஒண்ணுதான் தகுதி. ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் குறுக்கே பேசுறதில்லை, புத்தி சொல்றதில்லை. இன்னைக்கு ஒருநாள் குடிக்கலை, அவ்வளவுதான் கணக்கு. வேலையிடத்துல “டேய்”னு மட்டுமே கூப்பிடப்பட்ட எங்கண்ணன், பத்து நிமிசம் பேச இருபது பேர் வாய்மூடிக் கேட்டாங்க.

ஆனா அதைச் சாதியில்லாத சொர்க்கம்னு நான் சொல்லமாட்டேன். கூட்டத்துல பேரைத் தவிர எதுவும் கேக்கலை. வெளியே டீக்கடையில ஒருத்தர் கேட்டுட்டார்: “ஊருக்குள்ளயா, காலனியா?” அண்ணன் ரெண்டு வாரம் போகலை. மூணாம் வாரம், குழுவுல மூத்தவர் ஒருத்தர் சைக்கிள்ல எங்க தெருவுக்கே வந்தார். திண்ணையில உட்கார்ந்து தண்ணி வாங்கிக் குடிச்சார். “நீங்க வரலைன்னா எனக்குத்தான் கஷ்டம் தம்பி, நான் குடிச்சிடுவேன்”னார். அண்ணன் சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்பினார்.

கடவுள் பிரச்சினையும் இருக்கு. அவங்க பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார். ‘நாம் புரிந்துகொண்டபடி’ என்று சேர்த்திருக்கிறார்கள். “எனக்கு இந்தக் கூட்டம்தான் பெரிய சக்தி”ன்னு அண்ணன் சொன்னார். யாரும் மறுக்கலை. பிரார்த்தனை நேரத்துல நான் சும்மா நின்னேன், அதையும் யாரும் கேக்கலை. குடும்பத்தாருக்கு ‘அல்-அனான்’னு தனிக் கூட்டம். அடியும் பசியும் தின்ன அண்ணி அங்கேதான் முதல்முறையா தன்னைப் பத்திப் பேசினாங்க.

ஒரு எல்லையைத் தெளிவாச் சொல்லணும். மதுக்கடை பற்றியோ அரசியல் பற்றியோ ஏ.ஏ. கருத்துச் சொல்லாது. அது அவங்க மரபு. யார் விக்கிறான், யாரைக் குழிக்குள்ள இறக்குறான் என்று கேட்பது நம்ம வேலை. அதை அவங்ககிட்ட எதிர்பார்க்க வேண்டாம். பக்கத்துல உட்கார்ற வேலையை அவங்ககிட்டேயிருந்து நாம கத்துக்கலாம்.

அதனால தோழர்களே, மூணு காரியம். சேரியில இருக்கிற அம்பேத்கர் படிப்பகத்தின் சாவியை வாரத்துல ஒரு சாயங்காலம் இந்தக் கூட்டத்துக்குக் கொடுங்க. ரெண்டு குடிநோயாளிகள் குடிக்காமல் இருக்கவென்று கூடினாலே அது ஒரு குழு. வேற அமைப்போட சேர்க்கை மட்டும் இருக்கக்கூடாது; ஆகவே அந்த ஒருமணி நேரம் நம்ம கொடி வெளியே இருக்கட்டும். அவங்க வாடகை கொடுத்தா வாங்கிக்குங்க, தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்வது அவங்க சுயமரியாதை. ரெண்டாவது, சுவரொட்டி ஒட்டின தோழருக்குக் குவார்ட்டர் வாங்கித் தர்ற பழக்கத்தை இன்னைக்கே விடுங்க. ஊர் செய்ததையே நாம செய்யலாமா? மூணாவது, குடிச்சிட்டு வந்த தோழரைக் கூட்டத்திலிருந்து வெளியே தள்ளுறதோட நிறுத்தாதீங்க. மறுநாள் காலையில ஒருத்தர் அவர் வீட்டுக்குப் போங்க.

ஜெய் பீம்.