துறைக்கும் படகுக்கும் நடுவே

பார்வையற்றவர்களுக்கு வெள்ளைக்கோலின் துணையோடு தனியே நடக்கக் கற்றுத்தருவது என் வேலை. இருப்பது நாகர்கோவில் என்பதால், பயிற்சி முடியும் முன்பே "அக்கா, கன்னியாகுமரிக்கு எப்போ கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டுவிடுவார்கள். ஊரெல்லாம் விவேகானந்தர் பாறைக்குப் படகில் போகும்போது தாங்கள் மட்டும் ஏன் கரையில் நிற்கவேண்டும் என்பது அவர்கள் கேள்வி. நியாயம்தானே?

மாற்றுத்திறனாளிகளின் படகுப் பயணம் பற்றிப் பேச நிறைய உண்டு. டிக்கெட் வரிசை, கழிப்பறை, பாறையில் ஏறவேண்டிய படிகள் என்று சொல்லிக்கொண்டே போகலாம். எனக்குக் கொடுத்த நேரத்தில் ஒரே ஒரு இடத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். துறையிலிருந்து படகுக்குள் கால் எடுத்து வைக்கிறோமே, அந்த ஓரடி.

துறை அசையாது, படகு அசைந்துகொண்டே இருக்கும். கடல் ஏறினால் படகின் தளம் உயரும், வற்றினால் தாழும். நடுவிலுள்ள இடைவெளி ஒவ்வோர் அலைக்கும் அகலும், குறுகும். பார்வையுள்ள நமக்குக் கண் அளந்து சொல்லிவிடுகிறது, கால் போய்விடுகிறது. அளந்தோம் என்பதுகூட நமக்குத் தெரிவதில்லை.

என்னிடம் பயின்ற ஒரு தம்பியை ஒரு துறைக்கு அழைத்துப் போயிருந்தேன். ஊர் எதுவென்று சொல்லவில்லை. படகு வந்து அணைந்ததும் ஊழியர்கள் இரண்டுபேர் ஆளுக்கொரு தோளைப் பிடித்து, அப்படியே தூக்கி உள்ளே வைத்துவிட்டார்கள். கோல் தண்ணீருக்குள் போய்விட்டது. அவர்கள் நல்ல மனதோடுதான் செய்தார்கள். கரைக்குத் திரும்பிய பிறகு அந்தத் தம்பி என்னிடம் சொன்னது இது: "தூக்குனதுகூடப் பரவாயில்லக்கா. எந்தப் பக்கம் தண்ணி, எந்தப் பக்கம் படகுன்னு ஒரு நொடி எனக்குத் தெரியாமப் போச்சு."

அந்த ஒரு நொடி யாருக்கும் வரக்கூடாது. கேட்டுக்கொண்டிருப்பவர்களில் படகில் வேலை செய்பவர்கள் இருந்தால் உங்களுக்காகவே சொல்கிறேன். பார்வையற்றவர் கையை நீங்கள் பிடிக்காதீர்கள், உங்கள் கையை அவர் பிடிக்கட்டும். முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு அரையடி பின்னால் வருவார். உங்கள் உடம்பு ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது அந்தக் கையிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். விளிம்பில் நில்லுங்கள். "படகு ஒரு சாண் கீழே இருக்கு, நடுவுல இடைவெளி இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் கோலால் தொட்டு அளந்துகொள்வார். முதலில் நீங்கள் ஏறி, அவர் இன்னொரு கையைக் கம்பியில் வைத்துக்கொடுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.

ஏறி உட்கார்ந்துவிட்டால் பாருங்கள், பயணத்தை அவர்கள் நம்மைவிட நன்றாகவே அனுபவிக்கிறார்கள்! இன்ஜின் சத்தம் இறங்கியதுமே கரை நெருங்கிவிட்டதென்று எனக்குச் சொன்னவர்கள் உண்டு. துறையில் கட்டியிருக்கும் டயரில் படகு உரசும் சத்தத்தை வைத்து, எந்தப் பக்கமாக இறங்கவேண்டும் என்று தயாராகிவிடுவார்கள்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். கொச்சி வாட்டர் மெட்ரோ. 2023 ஏப்ரலில் தொடங்கியது. கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் செய்த மின்படகுகள், ஒவ்வொன்றிலும் நூறு பேர் போகலாம். பலரும் குளிர்சாதன வசதியையும் சத்தமில்லாத ஓட்டத்தையும் புகழ்வார்கள். நான் போய் நின்று பார்த்துக்கொண்டிருந்தது துறையை. அங்கே ஏறும் மேடையே தண்ணீரில் மிதக்கிறது. காயல் நீர் ஏறினால் மேடையும் ஏறும், வற்றினால் மேடையும் இறங்கும். ஆகவே எந்த நேரத்தில் போனாலும் மேடையும் படகின் தளமும் ஒரே மட்டம். ஏற்ற இறக்கம் எல்லாம் கரைக்கும் மேடைக்கும் நடுவிலுள்ள சாய்வுப் பாலத்தோடு முடிந்துவிடுகிறது.

சக்கர நாற்காலியில் செல்லும் ஓர் அம்மாவும் எங்களோடு வந்திருந்தார். யாரும் தூக்கவில்லை. அவரே சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனார். உள்ளே போன பிறகு திரும்பி, "படகு எப்போ வரும்?" என்று கேட்டார். அவர் படகில்தான் இருந்தார். அதைவிடப் பெரிய பாராட்டு அந்த மேடையைக் கட்டியவர்களுக்கு வேறு கிடைக்குமா?

நேரம் ஓடுகிறது, இரண்டு செய்திகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். காது கேளாதவருக்கு ஒலிபெருக்கி அறிவிப்பு போய்ச் சேராது. சைகை மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அவர் முகத்துக்கு நேரே நின்று லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக் காட்டுங்கள். சக்கர நாற்காலிக்கு பிரேக் போடுங்கள், ஆனால் ஓடும் படகில் ஆளை நாற்காலியோடு சேர்த்துக் கட்டாதீர்கள். ஆபத்து என்றால் அவர் அதிலிருந்து உடனே விடுபட முடியவேண்டும்.

கன்னியாகுமரியில் 2024 டிசம்பரில் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள், நினைவிருக்கிறதா? விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே, 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். கீழே கடல் தெரிவதைத்தான் எல்லாரும் பேசினார்கள். என் மாணவர்களுக்கு மகிழ்ச்சி வேறு. முன்பு பாறையிலிருந்து சிலைக்குப் போக இன்னொருமுறை படகில் ஏறி இறங்கவேண்டும். இப்போது அது இல்லை. பாதிப் பயம் போயிற்று!

மீதிப் பாதி கரையில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் போக்குவரத்து வசதியையும் அவர்களுடைய உரிமையாகத்தான் சொல்கிறது. கொச்சிக் காயல் அமைதியானது, குமரிக் கடல் அப்படியில்லை. அங்கே செய்ததை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்துவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். இந்த அலைக்குத் தாங்கும் ஏறுமேடையை நம் பொறியாளர்கள் யோசிக்கவேண்டும். யோசிக்கும்போது என் மாணவர்களில் ஒருவரையாவது கூட அழைத்துக் கேளுங்கள், ஓடி வருவார்கள். அதுவரை, அடுத்தமுறை படகில் ஏறும்போது உங்கள் பக்கத்தில் வெள்ளைக்கோலோடு ஒருவர் நின்றால், "என் கையைப் பிடிச்சுக்கிறீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள்.