தடி ஒன்று, கை மூன்று

(பொதுக்கூட்டச் சொற்பொழிவு)



வெள்ளைக்காரன் செய்தால் அடக்குமுறை, நம்மவர் செய்தால் சட்டமும் ஒழுங்கும் என்று நினைப்பவர்கள் நம்மில் அநேகம் பேர் இருக்கிறார்கள். அந்த நினைப்பு எவ்வளவு பொய் என்பதற்கு வடமேற்கு எல்லைப்புற மாகாணத்தின் கதை ஒன்றே போதும்.

1901இல் வெள்ளைச் சர்க்கார் அங்கே எல்லைப்புறக் குற்ற ஒழுங்குமுறை என்று ஒரு சட்டம் போட்டது. அதன்படி ஒருவன் குற்றம் செய்திருக்க வேண்டுமென்பதில்லை. அவனால் அமைதி கெடும் என்று அதிகாரி நினைத்தாலே போதும். ஜாமீன் கேட்பார், கொடுக்காவிட்டால் மூன்று வருஷம் வரை உள்ளே தள்ளலாம். வக்கீலும் கிடையாது, அப்பீலும் கிடையாது. ஒருவன் செய்ததற்கு ஊரையே தண்டிக்கலாம். பட்டாணியருக்குப் பள்ளிக்கூடம் வைத்த அப்துல் கபார்கானுக்கு 1921இல் இச்சட்டத்தின் 40வது பிரிவில் மூன்று வருஷம் கிடைத்தது. 1930 ஏப்ரல் 23இல் பெஷாவர் கிஸ்ஸாக்கானிக் கடைவீதியில் வெறுங்கையோடு நின்ற ஜனங்கள்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. சுட மாட்டோம் என்று மறுத்த கார்வாலிச் சிப்பாய்களுக்கும் சிறைதான். இது முதல் கை.

பிறகு மாகாண சுயாட்சி வந்தது, மந்திரிகள் வந்தார்கள். தடி போயிற்றா? 1942 இயக்கத்தில் காங்கிரஸ் மெம்பர்கள் பலர் சிறையிலிருந்த சமயம் பார்த்து, 1943இல் லீக் மந்திரிசபை அமைந்தது. எதிரியைப் பூட்டி வைத்தால் சிறுபான்மையும் மெஜாரிட்டி ஆகிவிடுமல்லவா? 1945இல் அது கவிழ்ந்தது. 1946 தேர்தலில் 50 ஸ்தானங்களில் காங்கிரசுக்கு 30, லீகுக்கு 17. தோற்றவர்கள் "மதத்துக்கு ஆபத்து" என்று பீர்களைப் பிடித்து ஊர் ஊராகக் கிளப்பினார்கள். 1947 பிப்ரவரியில் மறியல் மூண்டது. கபார்கானின் தமையனார் டாக்டர் கான்சாகிப் அப்போது முதல் மந்திரி. தம்பியைப் பல தடவை சிறையில் பார்த்தவர். தாமும் சிறை கண்டவர். அவர் சர்க்காரே 144 போட்டு லீக்காரர்களைச் சிறையில் நிரப்பியது. இது இரண்டாவது கை.

அப்படிப் பிடிபட்டவர்களில் ஒருவர் அப்துல் கயூம்கான். இவர் முன்பு காங்கிரஸ்காரர்; 1945இல் லீகுக்குத் தாவியவர். பாகிஸ்தான் பிறந்து எட்டே நாளில், 1947 ஆகஸ்டு 22இல், கான்சாகிப் மந்திரிசபை டிஸ்மிஸ் ஆயிற்று. சட்டசபையில் ஓட்டுகூட எடுக்கவில்லை. கயூம்கான் முதல் மந்திரியானார். நேற்றுக் கம்பி எண்ணியவராயிற்றே, சிறைக் கதவைத் திறந்துவிடுவார் என்று எதிர்பார்க்கலாமல்லவா? நடந்தது என்ன?

1948 ஜூனில் கபார்கான் கைது செய்யப்பட்டார். அதே 1901ஆம் வருஷத்துச் சட்டம்! அதே 40வது பிரிவு! அதே மூன்று வருஷம்! ஜூலையில், காரணம் காட்டாமல் காவலில் வைக்கவும் சொத்தைப் பறிக்கவும் ஒரு அவசரச் சட்டம் வந்தது. அதை எதிர்த்து ஆகஸ்டு 12இல் சார்சத்தாவை அடுத்த பாப்ராவில் கூடியவர்கள்மீது போலீசார் சுட்டார்கள். செத்தவர் தொகையில் சர்க்கார் கணக்கு வேறு, ஜனங்கள் கணக்கு வேறு. சுட்டவனும் முஸ்லீம், செத்தவனும் முஸ்லீம். ஆபத்திலிருந்த மதம் அப்போது எங்கே போயிற்று?

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். கயூம்கான் காங்கிரசிலிருந்த காலத்தில் கான் சகோதரர்களைப் புகழ்ந்து ஒரு புஸ்தகம் எழுதியிருந்தார். அதிகாரம் வந்ததும் அந்தத் தம் புஸ்தகத்தையே தடை செய்தார்! அவருக்காக ஊர் ஊராகப் போன மான்கி ஷரீப் பீரும் 1949இல் அவரை எதிர்த்துத் தனிக்கட்சி காண வேண்டியதாயிற்று. இது மூன்றாவது கை.

தோழர்களே! மூவரும் ஒரே தரம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் தடியை முறித்துப் போட அதிகாரம் இருந்தபோது எவரும் முறிக்கவில்லை. தனக்கு உதவும் என்று மூலையில் சாத்தி வைத்தார்கள்; அடுத்து வந்தவன் எடுத்து அவர்கள் முதுகிலேயே போட்டான். அந்த 1901ஆம் வருஷத்துச் சட்டம் எல்லைப் பழங்குடிப் பகுதிகளில் 2018 வரை உயிரோடிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

ஆகவே, ஓட்டுக் கேட்டு வருகிறவன் எந்தக் கட்சியானாலும், நமக்கு வேண்டியவனே ஆனாலும், கொடி என்ன நிறம் என்று கேட்காதீர்கள். எதிரியை விசாரணையின்றி அடைக்கும் சட்டத்தை ஒழிப்பாயா என்று கேளுங்கள். பதவிக்கு வந்த மறுநாளும் போய் அதையே கேளுங்கள். எதிரிக்கு இல்லாத நியாயம் நமக்கும் நிலைக்காது என்று சொல்லி, இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.